கோழி குடிக்கிற தண்ணியில் ‘நல்ல பாக்டீரியா’: ஆண்டிபயாடிக்கின் இடத்தை அது பிடிக்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. இறைச்சி ஆப்பைத் திறக்கிறீர்கள். ஒரே எடையில், ஒரே மாதிரி வெட்டிய இரண்டு பிராய்லர் பாக்கெட். ஒன்றின் மேல் மட்டும் ‘ஆண்டிபயாடிக் ரெசிட்யூ ஃப்ரீ’ என்று பச்சை எழுத்து. கூடவே, ‘புரோபயாடிக் கொடுத்து வளர்த்தது’ என்று இன்னொரு வரி. விலை கொஞ்சம் கூட. பத்து செகண்டில் ஏதோ ஒன்றை கார்ட்டில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

அந்த இரண்டாவது வரிக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டேங்க் இருக்கிறது. பண்ணையில் வேலை செய்பவர் காலையில் ஒரு பாக்கெட்டைப் பிரித்து அதில் வெள்ளைப் பொடியைக் கரைக்கிறார். பொடிக்குள் இருப்பது உயிருள்ள பாக்டீரியா. தயிரிலும் புளித்த மாவிலும் இருக்கிற பாக்டீரியாக்களுக்குச் சொந்தக்காரர்கள்தான். அவை கோழிக் குடலுக்குள் போய் என்ன செய்கின்றன? ஆண்டிபயாடிக் பார்த்த வேலையை அவை பார்க்குமா? பார்க்காவிட்டால் உங்களுக்கும் எனக்கும் என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆண்டிபயாடிக் தீவனத்துக்குள் எப்படி வந்தது?

தற்செயலாகத்தான். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் லெடர்லி ஆய்வகத்தைச் சேர்ந்த தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் இருவரும் கோழிக்குஞ்சுகளுக்கு வைட்டமின் பி12 கொடுக்க மலிவான வழி தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற ஆண்டிபயாடிக்கைத் தயாரித்த பிறகு மிஞ்சும் சக்கையில் பி12 உண்டு. அதைத் தீவனத்தில் கலந்தார்கள். குஞ்சுகள் வளர்ந்தன; ஆனால் பி12-ஐ மட்டும் வைத்து விளக்க முடியாத வேகத்தில் வளர்ந்தன. சக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த ஆண்டிபயாடிக்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. 1951-ல் அமெரிக்கா, மருத்துவர் சீட்டு இல்லாமலே தீவனத்தில் ஆண்டிபயாடிக் சேர்க்க அனுமதி கொடுத்தது. நோயே இல்லாத கோழிக்கு, எடை ஏறுவதற்காக, தினமும் கொஞ்சம் மருந்து. இந்தப் பழக்கத்துக்குத் துறையில் ‘குரோத் புரமோட்டர்’ என்று பெயர்.

ஏன் எடை கூடுகிறது? குடலில் வாழும் பாக்டீரியாக்கள் கோழி தின்கிற தீனியில் பங்கு கேட்கும். அவற்றோடு மல்லுக்கட்ட உடம்பு சக்தி செலவழிக்கும். சிறு அளவில் மருந்து போனால் அந்தக் கூட்டம் குறைகிறது, குடல் சுவரின் எரிச்சல் குறைகிறது, தீனி சதையாகிறது. பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது.

இதற்குக் கொடுத்த விலை நமக்கு இப்போது தெரியும். சிறு அளவு மருந்தில் எல்லா பாக்டீரியாவும் சாகாது. தப்பிப் பிழைத்தவை பெருகும். அந்த மருந்தை எதிர்க்கும் மரபணுவை அடுத்த பாக்டீரியாவுக்கும் கைமாற்றும். கோழிப் பண்ணையில் பரவலாகப் பயன்படும் என்ரோஃப்ளாக்சசின், உடம்புக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. காய்ச்சலுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் உங்கள் டாக்டர் எழுதித் தந்த அதே ‘சிப்ரோ’.

இந்தியாவில் நிலைமை எப்படி?

டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் டெல்லி சுற்றுவட்டாரத்தில் 70 கோழி இறைச்சி மாதிரிகளை வாங்கி, ஆறு ஆண்டிபயாடிக்குகளுக்காகச் சோதித்தது. 40 சதவீத மாதிரிகளில் எச்சம் இருந்தது. சுமார் 17 சதவீதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து. 70 என்பது சின்ன எண், நாட்டுக்கே பொருத்திப் பேச முடியாது. ஆனால் அதுவரை யாரும் கடைக்கோழியை எடுத்துப் பெரிதாகச் சோதிக்காத ஊரில், அது ஒரு விவாதத்தைத் தொடங்கி வைத்தது.

2017-ல் வெளியான பஞ்சாப் ஆய்வு இன்னும் உள்ளே போனது. 18 பண்ணைகளில் கோழிகளிடமிருந்து ஈ. கோலை பாக்டீரியாவை எடுத்துப் பார்த்தார்கள். பல முக்கிய ஆண்டிபயாடிக்குகளைச் செயலிழக்க வைக்கும் இஎஸ்பிஎல் என்ற என்சைமைத் தயாரிப்பவை, முட்டைக்கோழிப் பண்ணைகளில் 42 சதவீதம். கறிக்கோழிப் பண்ணைகளில் 87 சதவீதம்.

இதில் கொலிஸ்டின் கதை தனி. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது ஐசியூவில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதை எதிர்க்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று 2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளிகளிலும் அது இருந்தது. இந்தியாவில் அதே கொலிஸ்டின் அப்போது கோழித் தீவனத்திலும் போய்க்கொண்டிருந்தது. 2019 ஜூலையில்தான் மத்திய சுகாதார அமைச்சகம் உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன்களுக்கும் தீவன சப்ளிமென்ட்டுகளுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது.

மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்று நேரடிக் காரணமாக 2019-ல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் ஆய்வு கணக்கிட்டது. எல்லாம் கோழியால் வந்ததில்லை. மனிதர்கள் மருந்துக்கடையில் தானாக வாங்கி முழுங்குவதும் இதில் பெரும்பங்கு. ஆனால் நாட்டின் மொத்த இறைச்சி உற்பத்தியில் ஏறக்குறைய பாதி கோழி என்கிறபோது, பண்ணையை ஒதுக்கிவிட்டு இந்தக் கணக்கைப் பேச முடியாது.

சரி, புரோபயாடிக் இங்கே எங்கே வருகிறது?

நாட்டுக்கோழியை நினைத்துக்கொள்ளுங்கள். அடைகாத்துப் பொரித்த குஞ்சு தாயின் பின்னாலேயே ஓடும், தாய் கிளறிய மண்ணைக் கொத்தும், அதன் எச்சத்தையும் கொத்தும். தாயின் குடலில் இருக்கிற பாக்டீரியாக் கூட்டம் இப்படியே குஞ்சுக்கு வந்துவிடும். பிராய்லர் குஞ்சுக்குத் தாயே கிடையாது. இன்குபேட்டரில் பொரித்து, சுத்தமான பெட்டியில் அடைத்து, வண்டி ஏற்றி ஷெட்டில் விடுகிறார்கள். கிட்டத்தட்டக் காலி வீடு மாதிரி ஒரு குடல். முதலில் வருபவர் குடியேறிக்கொள்ளலாம். அது சால்மொனெல்லாவாகவும் இருக்கலாம்.

1971-ல் ஃபின்லாந்தில் பிராய்லர்களில் சால்மொனெல்லா பரவியபோது எஸ்கோ நுர்மி இதைக் கவனித்தார். வளர்ந்த, ஆரோக்கியமான கோழியின் குடல் உள்ளடக்கத்தைப் புதிதாகப் பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்தக் குஞ்சுகளில் சால்மொனெல்லா ஒட்டவில்லை. நுர்மியும் ரண்டாலாவும் 1973-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இன்றைய கோழி புரோபயாடிக்குகளுக்கு அடித்தளம். பஸ்ஸில் கர்சீஃப் போட்டு இடம் பிடிக்கிற கதைதான். நல்லவர்கள் முதலில் உட்கார்ந்துவிட்டால் கெட்டவர்களுக்கு சீட் இல்லை.

இடம் பிடிப்பதோடு வேலை முடியவில்லை. லாக்டோபேசில்லஸ் வகைகள் லாக்டிக் அமிலம் சுரந்து குடலைப் புளிப்பாக்கும். புளிப்பு சால்மொனெல்லாவுக்கும் ஈ. கோலைக்கும் ஆகாது. பேசில்லஸ் சப்டிலிஸ் போன்றவை தீனியைச் செரிக்க உதவும் என்சைம்களையும், எதிரி பாக்டீரியாவைத் தடுக்கும் பொருட்களையும் வெளியிடும். சந்தையில் கிடைக்கும் பாக்கெட்டுகளில் இந்த இரண்டு குடும்பங்களோடு என்டெரோகாக்கஸ், பீடியோகாக்கஸ், சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட் ஆகியவையும் இருக்கும்.

எதற்கு உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிகெட் ஒரு வைரஸ் நோய், அதற்குத் தடுப்பூசிதான். ரத்தக் கழிச்சல் ஒட்டுண்ணியால் வருவது. அதற்கும் இது மருந்து கிடையாது. நோய் முற்றிக் கோழிகள் சாகத் தொடங்கிய பிறகு புரோபயாடிக்கை அள்ளிக் கொட்டினாலும் பயன் இல்லை.

தீவனத்தை விட்டுவிட்டு ஏன் தண்ணீரில்?

இட்லியை வைத்துச் சொல்லலாம். புளித்த மாவில் கோடிக்கணக்கில் பாக்டீரியா உயிரோடு இருக்கும். குக்கரில் வைத்து வெந்து எடுத்த இட்லியில் இருக்காது. பிராய்லர் தீவனமும் பெரும்பாலும் இப்படி ஒரு ‘வேக்காடு’ தாண்டித்தான் வருகிறது. மக்காச்சோளம், சோயா மாவை நீராவியில் சூடாக்கி, அழுத்திக் குச்சி குச்சியாக வெட்டும்போது வெப்பம் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும். லாக்டோபேசில்லஸ் அதில் தாங்காது. பேசில்லஸ் வகைகள் தாங்கும். அவை கஷ்ட காலத்தில் தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு ஸ்போராகத் தூங்கிவிடும், குடலுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும். அதனால் தீவன வழி பேசில்லஸுக்குச் சரி. மென்மையானவற்றுக்குத் தண்ணீர் வழிதான்.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியம். உடம்பு சரியில்லாத கோழி முதலில் தீனியை நிறுத்தும், தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் நிறுத்தாது. வெயில் காலத்திலும் அப்படித்தான். தீனி குறையும், தண்ணீர் ஏறும். பிராய்லர் சாதாரணமாகவே தின்கிற தீவன எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். தடுப்பூசி போட்ட மறுநாள், இடம் மாற்றிய நாள், திடீர் வெயில் நாள் என்று தேவைப்படும் அன்றைக்கு மட்டும் கொடுக்கவும் தண்ணீர்தான் வசதி. தீவனம் ஆலையிலிருந்து மூட்டையாக வந்துவிடும். அதில் பண்ணையில் எதையும் மாற்ற முடியாது. டேங்க் கையில் இருக்கிறது.

இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீருக்குள்தான் சிக்கலும் இருக்கிறது.

பண்ணைத் தண்ணீரில் கெட்ட பாக்டீரியாவைக் கொல்ல குளோரின் கலப்பார்கள், பொதுவாக 3 முதல் 5 பிபிஎம் அளவில். குளோரினுக்கு நல்லது கெட்டது தெரியாது. காலையில் குளோரின் போட்ட டேங்கிலேயே பத்து மணிக்கு புரோபயாடிக் கரைத்தால், விலை கொடுத்து வாங்கிய பாக்டீரியாவை நீங்களே கொன்றுவிட்டு, செத்த உடல்களைக் கோழிக்குக் குடிக்கத் தருகிறீர்கள். பண்ணையாளர்களுக்கு இது புதுசும் இல்லை. ராணிகெட் தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கொடுக்கும் நாளில் குளோரினை நிறுத்துவதும், மிச்சக் குளோரினை முறிக்கக் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் கரைப்பதும் அவர்களுக்கு அத்துப்படி. தடுப்பு மருந்துக்குக் காட்டுகிற அந்தக் கவனம் புரோபயாடிக் பாக்கெட்டுக்குக் கிடைக்க வேண்டும்.

அடுத்தது பைப். ஷெட் நீளத்துக்கு ஓடும் நிப்பிள் லைனின் உள்சுவரில் வழுவழுவென்று பாசி மாதிரி ஒரு படலம் கட்டும். வைட்டமின், வெல்லம், எலெக்ட்ரோலைட் என்று எதைக் கலந்தாலும் அந்தப் படலத்துக்கு அது விருந்து. ஈ. கோலையும் சூடோமோனாஸும் அதற்குள் பத்திரமாகக் குடியிருக்கும். அந்த லைனைக் கழுவாமல் புரோபயாடிக் விட்டால், போகிற வழியிலேயே சண்டை முடிந்துவிடும். ஒரு பேட்ச் கோழியை ஏற்றி அனுப்பி அடுத்த பேட்ச் வரும் இடைவெளியில் லைனைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அதன் பிறகுதான் குஞ்சும் புரோபயாடிக்கும்.

நேரமும் கணக்கு. கரைத்த தண்ணீரைக் கோழிகள் சில மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கிற அளவில்தான் கலக்க வேண்டும். கூரை மேல் வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் டேங்கில் மே மாதத்தில் சாயங்காலம் வரை வைத்திருந்தால், எத்தனை உயிரோடு இருக்கும் என்று பாக்கெட்டில் எழுதியிருக்காது.

எண்களைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை

பாக்கெட்டில் ‘சி.எஃப்.யூ’ என்று ஒரு அலகு இருக்கும். உயிரோடு இருந்து பெருகக்கூடிய பாக்டீரியாவின் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-ன் அடுக்கில் எழுதுவார்கள். 10-ன் அடுக்கு 9 என்றால் 100 கோடி. அடுக்கு 8 என்றால் 10 கோடி. பார்வைக்கு 9-க்கும் 8-க்கும் ஒரு எண்தான் வித்தியாசம். நிஜத்தில் 90 சதவீதம் காலி. பல பேர் தடுமாறுகிற இடம் இது. டேட்டா வேலை பார்க்கிற எனக்கே லாக் அளவுகோலில் போட்ட வரைபடத்தைப் பார்த்தால் இரண்டாவது தடவை பார்க்கத் தோன்றும்.

உதாரணத்துக்கு, ஒரு கிராமில் 100 கோடி இருக்கிற பொடியை 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் என்று கலந்தால், ஒரு மில்லிலிட்டருக்கு 1 லட்சம். நாளைக்கு 200 மில்லி குடிக்கிற கோழிக்கு 2 கோடி போய்ச் சேரும். கேட்க பிரமாதம். குளோரின், சூடு, பழைய ஸ்டாக் என்று மூன்று படியிலும் பத்தில் ஒன்றுதான் தப்பியது என்றால், கடைசியில் 20,000. உலக சுகாதார அமைப்பும் உணவு மற்றும் வேளாண் அமைப்பும் 2001-ல் தந்த புரோபயாடிக் வரையறையிலேயே இரண்டு நிபந்தனைகள் உண்டு: உயிரோடு இருக்க வேண்டும், போதிய அளவில் போக வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அது வெறும் பொடி.

பலன் எவ்வளவு, ரூபாயில் சொல்லுங்க

2014-ல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் பிராய்லர்களில் நடந்த பல கட்டுப்பாட்டுப் பரிசோதனைகளைத் தொகுத்து ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள். எடை கூடுவதிலும் தீவனத்தைப் பயன்படுத்தும் திறனிலும் புரோபயாடிக்குக்குப் பலன் தெரிந்தது. தீவனத்தைவிடத் தண்ணீரில் கொடுத்தவற்றில் அது கூடுதலாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு பரிசோதனையாக எடுத்தால் முடிவுகள் சிதறிக் கிடக்கும். எந்த பாக்டீரியா, எத்தனை நாள், ஷெட் எவ்வளவு சுத்தம் என்பதைப் பொறுத்து நன்றாக வேலை செய்ததும் உண்டு, ஒன்றுமே நடக்காததும் உண்டு. ஏற்கெனவே சுத்தமாக இருக்கிற ஷெட்டில் வித்தியாசம் குறைவாகவே தெரியும்.

ஒரு கணக்கு போடலாம். ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் தேவை என்பதை எஃப்.சி.ஆர் என்பார்கள். 10,000 கோழிகள், ஒவ்வொன்றும் 2 கிலோ, மொத்தம் 20,000 கிலோ. எஃப்.சி.ஆர் 1.70-லிருந்து 1.65 ஆகக் குறைந்தால் மிச்சமாகும் தீவனம் 1,000 கிலோ. தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40,000 ரூபாய், கோழிக்கு 4 ரூபாய். புரோபயாடிக் செலவு அதற்குள் அடங்கினால் லாபம். உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனம் என்கிற தொழிலில் 0.05 சின்ன எண் இல்லை. ஆனால் அந்த 0.05, மோசமான வேலையில் சுலபமாகக் காணாமல் போகிற எண்ணும்கூட.

எதிர்ப்பக்கக் கேள்வி: ஆண்டிபயாடிக்கை நிறுத்தினால் எவ்வளவு நஷ்டம்? இதற்கு ஒரு நாடே பதில் வைத்திருக்கிறது. டென்மார்க் பிராய்லர் தொழில் 1998-ல் குரோத் புரமோட்டர்களை நிறுத்தியது. முன்பும் பின்பும் பண்ணைத் தரவுகளை ஒப்பிட்டபோது எஃப்.சி.ஆர் 0.016 மட்டும் கூடியிருந்தது. இறப்பு கூடவில்லை. மேலே உள்ள நம் கணக்கில் போட்டால் 320 கிலோ தீவனம், கோழிக்கு ஒன்றேகால் ரூபாய் மாதிரி. இன்னொரு பக்கம், வான்கோமைசினின் உறவுக்கார மருந்தான அவோபார்சினை 1995-ல் தடை செய்த பிறகு, அங்கே பிராய்லர்களில் எடுத்த என்டெரோகாக்கஸ் ஃபீசியம் பாக்டீரியாவில் அந்த எதிர்ப்பு 72.7 சதவீதத்திலிருந்து 2000-ல் 5.8 சதவீதமாக இறங்கியது. டென்மார்க்கின் குளிரும் மூடிய ஷெட்டும் வேறு, நம் வெயிலும் பக்கத் திரை ஷெட்டும் வேறு. அதை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். ஆனால் நிறுத்தினால் தொழிலே படுத்துவிடும் என்கிற பேச்சுக்கு இந்த எண்கள் ஒத்துழைக்கவில்லை. ஸ்வீடன் 1986-லேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரி 1 முதல் தடை.

அப்புறம் என்ன பிரச்சினை?

கூடச் சேர்ப்பதுதான். ஆண்டிபயாடிக்குக்குப் பதிலாகக் கொடுக்க வேண்டியதை, அதோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது.

ஒரு பேட்ச் எப்படி ஓடும் என்று பாருங்கள். முதல் வாரம் குஞ்சு இறங்கியதும் ‘பாதுகாப்புக்கு’ என்று மூன்று நாள் ஆண்டிபயாடிக். பிறகு வைட்டமின். நடுவில் புரோபயாடிக். மூன்றாவது வாரம் கோழிகள் சோர்ந்து நின்றால் திரும்ப ஆண்டிபயாடிக், அதே டேங்கில், அதே லைனில். லாக்டோபேசில்லஸுக்கும் அந்த மருந்து விஷம்தான். புரோபயாடிக் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதும் இல்லை. தீனி குடலைக் கடந்து போகச் சில மணி நேரம்தான், கொடுப்பதை நிறுத்தினால் கூட்டம் கரையும். ஆக, மருந்துக்கு முன் கொடுத்தது மருந்தோடு போயிற்று. எதிர்ப்புள்ள பாக்டீரியா உருவாவதற்கான காரணம் மட்டும் அப்படியே இருக்கிறது. பாக்கெட்டில் ‘புரோபயாடிக் கொடுத்து வளர்த்தது’ என்று எழுதினால் அது பொய்யும் இல்லை.

நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுப்பதை யாரும் குறை சொல்லவில்லை. கால்நடை மருத்துவர் பார்த்து, சரியான மருந்தை, சரியான நாட்கள் கொடுத்து, முடிந்ததும் குடலைத் திரும்ப நிரப்பப் புரோபயாடிக் கொடுப்பது நியாயமான வரிசை. நோய் வருமோ என்று பயந்து மொத்த ஷெட்டுக்கும் கொடுப்பதுதான் பிரச்சினை.

இன்னொரு சங்கடமும் உண்டு. புரோபயாடிக் பாக்டீரியாவே ஆண்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுவைச் சுமந்து வரலாம். ஐரோப்பாவில் டோயோசெரின் என்ற தீவன புரோபயாடிக் பல வருடங்கள் விற்பனையில் இருந்தது. அதில் இருந்த பாக்டீரியாவில் டெட்ராசைக்ளினையும் குளோராம்ஃபெனிகாலையும் எதிர்க்கும் மரபணுக்கள் இருப்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சுட்டிக்காட்ட, 2013-ல் அதற்கான அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு தீவன பாக்டீரியாவும் எந்த ஸ்ட்ரெயின், எந்த மருந்தை எதிர்க்கிறது என்று காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டும், அதனால் பிடிபட்டது. இங்கே கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் ‘தீவன சப்ளிமென்ட், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற லேபிளோடு வருகின்றன. குடும்பப் பெயர் மட்டும் எழுதி ஸ்ட்ரெயின் எண் எழுதாத பாக்கெட்டைப் பார்த்தால், வீட்டு எண் இல்லாத முகவரி என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

டேங்கில் எதை ஊற்றுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பண்ணைக்காரர்தானே என்று தோன்றும். இந்தியாவில் பிராய்லர் தொழிலின் பெரும்பகுதி ஒப்பந்த முறையில் ஓடுகிறது. 1990களில் கோவை, பல்லடம் பக்கம் வேரூன்றி நாடு முழுக்கப் பரவிய முறை இது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனத்துடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், ஆள் எல்லாம் விவசாயியுடையது. வளர்த்துக் கொடுத்த எடைக்கு கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. எஃப்.சி.ஆர் நன்றாக இருந்தால் ஊக்கத்தொகை, இறப்பு கூடினால் வெட்டு.

மேலே போட்ட 40,000 ரூபாய் கணக்கை இப்போது திரும்பப் பாருங்கள். தீவனம் மிச்சமானால் அதன் முதல் பலன் நிறுவனத்துக்கு. விவசாயிக்கு ஊக்கத்தொகையாக ஒரு பங்கு. ஆனால் மூன்றாவது வாரத்தில் இருபது கோழி செத்துக் கிடந்தால் அந்த பயம் முழுக்க விவசாயிக்கு. அந்த ராத்திரியில் ‘புரோபயாடிக் கொடுத்துப் பொறுத்திருங்கள்’ என்று சொல்ல ஒரு கால்நடை மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால், அவர் கை ஆண்டிபயாடிக் பாட்டிலுக்குத்தான் போகும். சீட்டு இல்லாமலே அதை வாங்க முடிகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. லைன் சுத்தம், உமி மாற்றுவது, கோழிகளை நெருக்கியடிக்காமல் விடுவது, இவையெல்லாம் ஆண்டிபயாடிக்கின் தேவையைக் குறைக்கும். அதற்கான செலவு ஷெட் கணக்கில், அதாவது விவசாயி கணக்கில் விழுகிறது. புரோபயாடிக் பற்றிய விளம்பரங்களில் நான் பார்க்காத வரி இதுதான்.

சட்டம் பக்கம், இந்தியா மருந்து மருந்தாகப் போகிறது. கொலிஸ்டின் 2019-ல். இறைச்சி, முட்டை, பால், வளர்ப்பு மீன் ஆகியவற்றின் உற்பத்தியில் தடை செய்யப்பட்ட ஆண்டிபயாடிக் பட்டியலை உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ நீட்டியது, அது 2025 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

அந்தப் பச்சை எழுத்தை எப்படிப் படிப்பது?

‘ரெசிட்யூ ஃப்ரீ’ என்றால் உங்கள் கைக்கு வந்த இறைச்சியில் மருந்து எச்சம் இல்லை அல்லது வரம்புக்குள் இருக்கிறது. கோழிக்கு மருந்தே கொடுக்கவில்லை என்று அர்த்தம் கிடையாது. விற்பதற்குச் சில நாள் முன்பு நிறுத்திவிட்டால் எச்சம் வெளியேறிவிடும். எதிர்ப்புள்ள பாக்டீரியா அப்படி வெளியேறாது. அது பண்ணையில் வேலை செய்பவர் கையிலும், எருவாக வயலுக்குப் போகும் கூளத்திலும், கழிவுநீரிலும் ஏறி ஊருக்குள் வரும்.

‘ஆண்டிபயாடிக் இல்லாமல் வளர்த்தது’ என்பது வேறு, இதைவிடப் பெரிய வாக்குறுதி. முதல் நாளிலிருந்தா, கடைசி சில வாரங்கள் மட்டுமா, யார் சோதித்தார்கள் என்று அதன் அடியில் எழுதியிருந்தால் கூடுதல் விலைக்கு அர்த்தம் உண்டு.

‘ஹார்மோன் ஃப்ரீ’ என்ற வரிக்குப் பத்து பைசாகூடக் கூடக் கொடுக்காதீர்கள். பிராய்லர் வேகமாக வளர்வது இனப்பெருக்கத் தேர்வால். கனடாவில் 1957, 1978, 2005 காலத்து இனங்களை ஒரே தீவனத்தில், ஒரே ஷெட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் முறையே 905 கிராம், 1.8 கிலோ, 4.2 கிலோ. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் தாராளமாக ஃபார்வர்ட் பண்ணலாம்.

எந்தப் பாக்கெட் வாங்கினாலும் சமையலறை விஷயம் ஒன்றுதான். எதிர்ப்புள்ள பாக்டீரியாவும் நன்றாக வெந்தால் சாகும். ஆபத்து அதற்கு முன்னால்தான் இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு சிங்க்கில் கோழியைக் கழுவும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர் வரை போகும். மஞ்சள் போட்டுக் கழுவாமல் மனசு ஆறாது என்றால், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து மெதுவாக அலசி எடுங்கள். பிறகு சிங்க்கையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கோழி வெட்டிய பலகையில், கழுவாமல் அடுத்து வெங்காயப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்க வேண்டாம்.